இடப்பக்கத்து டிராக்

நாலு மணிக்குத் திருப்ப வேண்டிய அண்ணன் ஏற்கெனவே திரும்பியிருந்தார்.

பல்செட்டுக்காரர் அறை வாசலில் நின்றபடி சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு மணிக்கு நேராக, அவருடைய கையெழுத்திலேயே, 'ஜன்னல் பக்கம்' என்று இருந்தது. அண்ணனோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகுக்கு முட்டுக் கொடுத்த தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை, குதிகால் படுக்கையில் படாமலிருக்கச் சுருட்டி வைத்த துண்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கழுத்துக்குக் கீழே மூன்று வருடமாக ஒரு விரல்கூட அசையாத மனிதர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நர்ஸம்மாவுக்கு விடுமுறை. வீட்டில் வேறு ஈ காக்கை கிடையாது.

நான்தான் திருப்பியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். முந்தின வாரம் மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடியவருக்கு அப்படி நினைப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்து நாலு மணிக்கு நேராக 'சுவர்ப் பக்கம்' என்று எழுதினார். ஒரு தடவை திருப்பும் வேலை மிச்சமானதில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டார்.

பல்செட்டுக்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக மெழுகோடும் பிளாஸ்டரோடும் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவர். அவருக்குத்தான் சிரிக்க நேரமில்லை. அண்ணன் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டுக்கு வந்தார், இரண்டாவது வருடம் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார், அதோடு சரி. ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வரும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் போட வேண்டும். சுற்றி நின்று வேலை செய்யத் தோதாகக் கட்டிலை அறையின் நடுவில் போட வைத்தவள் நர்ஸம்மா. எட்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவள் திருப்புவாள். மற்ற நேரமெல்லாம் இவர். மூன்று வருடமாக அவர் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை.

மகளின் பிரசவத்துக்கு என்று போன மனைவி, பேரக்குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை. "அவரை ஏதாவது ஒரு இல்லத்துல சேர்த்துட்டு நீங்களும் வந்துருங்க" என்று போனில் சொல்வாள். "பார்க்கலாம்" என்பார். சேர்க்க மனம் வராது. சில நாள் விடியற்காலையில் மனம் வந்துவிடும். சேர்ப்பதைவிட மோசமான நினைப்புகளும் வரும். அதுதான் அவருக்குத் தன்னைப் பற்றி இருந்த பயம்.

அப்படி ஒரு விடியற்காலையில்தான், ராணுவத்தைப் பற்றி வாயே திறக்காத அண்ணன் கேட்டார்.

"நான் ஓட்டின வண்டி மாதிரி ஒன்னு செஞ்சு குடுடா. டிராக் ஓடணும். ஒட்டி வெச்சா அது பொம்மை."

மலஜலம் தவிர அண்ணனுக்குச் செய்ய வேறு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று பல்செட்டுக்காரர் உற்சாகமாகிவிட்டார். பாகம் பாகமாகப் பெட்டியில் வந்த குட்டி டாங்கி உள்ளங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்த இரும்புப் பட்டைக்கு, அதாவது டிராக்குக்கு, பெட்டிக்காரன் ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்திருந்தான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உலோகக் கண்ணிகளைத் தனியாக வரவழைத்தார். பக்கத்துக்கு எண்பத்தாறு கண்ணி. ஒவ்வொன்றும் பால்பல்லைவிடச் சின்னது. ஒவ்வொன்றிலும் வார்ப்புப் பிசிறை அரத்தால் தேய்த்து, இரண்டு ஓரத் துளைகளையும் பல்லைக் குடையும் முனையால் சுத்தம் செய்து, இரண்டு கண்ணிகளைக் கோத்து, குறுக்கே கம்பியைச் செருகி, நறுக்கி, கம்பியின் நுனியில் மட்டும் ஊசியால் ஒரு பொட்டுப் பசை வைக்க வேண்டும். பசை கூடினால் மூட்டு இறுகிவிடும். குறைந்தால் கம்பி கழன்றுவிடும். நாலு மாதம். முடிந்த டிராக்கைக் கையில் எடுத்தபோது அது நகைபோல விரல்களுக்கிடையே வழிந்தது. சக்கரத்தை உருட்டினால் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பல்சக்கரத்தில் ஏறி இறங்கி, கிணிங் கிணிங் என்று மெல்லச் சத்தம் போட்டன. தன் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

அண்ணன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"இடப்பக்கத்தைத் திருப்பிப் போட்டிருக்கேடா."

"எங்கண்ணா?"

"கண்ணியில அம்பு மாதிரி இருக்கு பார். வலதுல முன்னாடி பார்க்குது. இடதுல பின்னாடி பார்க்குது. மாத்து."

"அலமாரியில வைக்கத்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

"மாத்துடா. ஒன்னு முன்னாடி, ஒன்னு பின்னாடி. அப்படி இழுத்தா வண்டி எங்கயும் போகாது. நின்ன இடத்துலயே சுத்தும்."

மாற்றுவதென்றால் டிராக்குக்கு மேலே ஒட்டியிருந்த தகட்டை அறுத்தெடுக்க வேண்டும். பசை வைத்த கம்பி ஒன்றைப் பிடுங்க வேண்டும். மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். பல்செட்டுக்காரர் டாங்கியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்னறைக்குப் போனார். மேஜைமுன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, ஜன்னலோரச் சின்ன மேஜையில், வலப்பக்கம் கட்டிலைப் பார்க்கும்படி டாங்கியை வைத்தார்.

"மாத்திட்டேன்ணா."

தலையைத் தூக்க முடியாத அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல பையன்" என்றார். பல்செட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. அண்ணனிடம் அவர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் எழுந்து வந்து சரிபார்க்க முடியாதவரிடம் சொன்ன முதல் பொய் இதுதான். அது சனிக்கிழமை. மறுநாள்தான் அண்ணன் தானாகத் திரும்பிப் படுத்திருந்தார்.

அன்று ஆறு மணிக்குப் போனபோது அவர் மறுபடி ஜன்னல் பக்கம் இருந்தார். காற்றுப்படுக்கையின் பம்ப் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அறையில் மருந்து வாசனைக்கும் பவுடர் வாசனைக்கும் அடியில், மழை பெய்யாத நாளில், ஈர மண் வாசனை அடித்தது. மேஜைமேல் டாங்கி தன் இடப்பக்கத்தைக் கட்டிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"நீ மாத்தலை" என்றார் அண்ணன்.

"நாளைக்கு மாத்திடறேன்ணா."

மாற்றவில்லை. ஏனென்றால் அந்த வாரம் அவர் தூங்கினார்.

திங்கட்கிழமை அலாரம் அடித்து எழுந்து போனால் அண்ணன் திரும்பியிருந்தார். அடுத்த அலாரத்துக்கும் அப்படியே. செவ்வாய்க்கிழமை ஒரு சோதனை செய்து பார்த்தார். அண்ணனைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்துவிட்டு, நாற்காலியை வாசலில் போட்டு, சாயங்கால வெளிச்சத்தில் இருவரையும் பார்த்தபடி உட்கார்ந்தார். அண்ணனையும் டாங்கியையும். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சட்டையில் காய்ந்திருந்த பிளாஸ்டரைச் சுரண்டக் குனிந்தார். கிணிங். நிமிர்ந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் இருந்தார், டாங்கி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, தலையணைகள் அதனதன் இடத்தில் இருந்தன. பல்செட்டுக்காரருக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாகத் தூக்கம் வந்தது. யாரோ பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உடம்பு சொன்னது, மனசு கேட்டுக்கொண்டது. புதன்கிழமை முதல் அவர் அலாரம் வைக்கவில்லை.

"முதுகுல இருந்த புண்ணு நல்லா ஆறிட்டு வருது சார்" என்றாள் நர்ஸம்மா. பஞ்சும் கையுமாக நின்றவள் நிஜமாகவே பாராட்டினாள். "நான் இல்லாதப்பவும் விடாம திருப்பறீங்க போல."

அவர் ஆமாம் என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் பாராட்டவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை வாசலில் நிறுத்தினாள்.

"ஏன் சார் அவரைக் கால்மாட்டுல தலை வெச்சுப் படுக்க வெச்சிருக்கீங்க?"

"காத்து வரும்னு."

"அப்புறம் இந்தப் படுக்கையை மாத்துங்க. நடுவுல பள்ளம் விழுந்திருக்கு. விரிப்பை எப்படி இழுத்துச் செருகினாலும் முறுக்கிக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். விரிப்பின் சுருக்கங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, பிழிந்த துணிபோல வளைந்து வளைந்து ஓரம்வரை போயிருந்தன. நடுவில் அண்ணனின் இடுப்பு. அன்று முழுக்கப் பல்செட்டுக்காரர் கடைவாய்ப்பல்லை முன்பக்கமும் முன்பல்லைப் பின்பக்கமும் வைத்து மெழுகைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் குறுக்காகக் கிடந்தார். தலை ஓர் ஓரத்தில், குதிகால் கட்டிலுக்கு வெளியே. தம்பி அவரைத் தூக்கி நேராக்கினார். உடம்பு எப்போதும்விடக் கனத்தது, கீழேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

"என்னைத் திருப்பறது நீ இல்லைதானே?" என்றார் அண்ணன்.

"இல்லைண்ணா."

அண்ணன் விட்டத்தைப் பார்த்தபடி பேசினார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ஆளுங்க பதுங்கறதுக்கு நீளமா பள்ளம் வெட்டி வெச்சிருப்பாங்க. அதும்மேல வண்டியை நிறுத்தி, ஒரு டிராக்கை முன்னாடியும் ஒன்னைப் பின்னாடியும் விட்டுச் சுத்தச் சொன்னாங்க. சுத்தினா மண்ணு சரிஞ்சு பள்ளம் மூடிக்கும். ரெண்டு சுத்துப் போதும்னாங்க."

"சும்மா பள்ளத்தை மூடறதுக்காண்ணா?"

"காலிப் பள்ளம்னுதான் சொன்னாங்க. முதல் சுத்துலயே தெரிஞ்சுபோச்சு காலியில்லைன்னு. சீட்டுக்கு அடியில தெரியும்டா அதெல்லாம். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா சத்தம் கேக்குமேன்னு சுத்திக்கிட்டே இருந்தேன்."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பல்செட்டுக்காரர் அண்ணனின் உணர்ச்சியில்லாத கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கோபம் வரவில்லை. அருவருப்பும் வரவில்லை. அந்தப் பள்ளத்தில் கிடந்தவர்கள் தன் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் ஒன்றுதான் வந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். இத்தனை விடியற்காலைகளில் நினைத்ததெல்லாம் பொய், இந்த மனிதரை விட்டுவிட அவரால் முடியாது.

"நாளைக்குக் காலையில முதல் வேலை டிராக்கை மாத்தறதுதான்ணா. சத்தியமா."

இந்தத் தடவை பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனைக் குளிப்பாட்டி, ஊட்டி, நேராக்கிப் படுக்க வைத்துவிட்டு, டாங்கியோடு பின்னறையில் உட்கார்ந்தார். மேல்தகட்டை அறுத்தார். அசிட்டோனில் நனைத்த ஊசியால் ஒரு கம்பியின் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பசையைக் கரைத்தார். கம்பியை இடுக்கியால் பிடித்து, அது உடைந்துவிடாமல், மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்தார். நடுநடுவே ஓடிப் போய் அண்ணனைப் பார்த்தார். ஒரு தடவை குறுக்காக, ஒரு தடவை தலைமாறி. ஒவ்வொரு தடவையும் நேராக்கினார். ஒவ்வொரு தடவையும் படுக்கை கொஞ்சம் ஆழமாக இருந்தது. இரண்டரை மணிக்கு இடப்பக்கத்து டிராக் சக்கரங்களிலிருந்து உருவிக்கொண்டு மேஜைமேல் நீளமாக விழுந்தது.

வீடு அமைதியாகிவிட்டது. அப்படி ஓர் அமைதி. திருப்பி மாட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று மேஜைமேல் தலையைச் சாய்த்தார்.

விழித்தபோது ஜன்னல் வெயில் சுவரில் ஏறியிருந்தது. நாலேகால். கன்னத்தில் கண்ணிகளின் தடம் குழிந்திருந்தது. எழுந்த முதல் நினைப்பு, நாலு மணித் திருப்பல் தவறிவிட்டதே என்பதுதான்.

அப்புறம் கேட்டது.

கிணிங் கிணிங் கிணிங் கிணிங். விடாமல். அவர் கண்ணெதிரே, இந்த முறை அவர் பார்ப்பதைப் பற்றிய கவலை இல்லாமல், டாங்கி சுற்றிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்து டிராக் மட்டும் ஓடியது. இடப்பக்கம் வெறும் சக்கரங்கள் மேஜையில் உராய்ந்தன. மேஜையின் பலகையில் வட்டமாக ஒரு குழி விழுந்து, மரத்தூள் ஓரத்தில் வரப்பு கட்டியிருந்தது. ஒரு டிராக் போன வண்டி வேறு என்ன செய்யும்? திருப்பி மாட்டியிருந்தாலாவது நேராகப் போயிருக்கலாம். இரண்டையும் கழற்றியிருந்தால் நின்றிருக்கும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அவர் தூங்கிவிட்டார்.

கையை நீட்டினார். ஆனால் அண்ணன் படுத்திருந்த முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி."

எங்கேயோ அடியிலிருந்து வந்தது. அவர் ஓடினார்.

கட்டில் இருந்தது. விரிப்பு இருந்தது. அண்ணன் இல்லை. பம்ப் நின்றிருந்தது. படுக்கையின் நடுவில் விரிப்பு முறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. கட்டில் உயரத்துக்கும் கீழே. தரை இருக்க வேண்டிய இடத்துக்கும் கீழே. ஈர மண் வாசனை. மெல்ல, ஒரே சீராக, அது சுற்றியது. சுற்றின் நடுவிலிருந்து ஒரு கை, முழங்கைவரை, மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணனின் கை. மூன்று வருடமாக வாரம் தவறாமல் நகம் வெட்டிவிட்ட கை.

பாய்ந்து பிடித்தார். அந்த விரல்கள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டன. அசையாத விரல்கள். அந்த ஒரு நொடி அவருக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

இழுத்தார். வரவில்லை. கை சுற்றியது. அவர் பிடிக்குள்ளேயே சுற்றியது. மணிக்கட்டு தாங்கும் எல்லைவரை வந்தது. தோல் முறுக்கியது. எலும்பு ஒன்று நெறிபட்டது.

அவர் ஓர் அடி நகர்ந்தார். கை போகும் பக்கமாக. நெறிபடுவது நின்றது.

இன்னோர் அடி.

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தார். கட்டிலைச் சுற்றி. கையோடு கையாக. கால்மாட்டில் வரும்போது கம்பிமேல் வயிற்றைப் போட்டு எக்க வேண்டியிருந்தது. தலைமாட்டிலும். பக்கவாட்டில் கொஞ்சம் சுலபம். நின்றால் கை முறியும். விட்டால் போய்விடும். பின்னறைக்குப் பத்தடி. வலப்பக்கத்து டிராக்கில் ஒரே ஒரு கம்பி. அழகு பார்க்காமல் இடுக்கியால் நறுக்கினால் போதும். ஐந்து நிமிட வேலை.

"ரெண்டையும்" என்றது அடியிலிருந்து. "ரெண்டையும் கழட்டுடா."

"விட்டுட்டுப் போய்க் கழட்டட்டுமாண்ணா?"

விரல்கள் இன்னும் இறுகின.

"விடாதே" என்றது அதே குரல். அதற்கும் அடியிலிருந்து வேறு குரல்கள், பல குரல்கள், அவருக்குப் புரியாத ஏதோ மொழியில், அதே தொனியில் அதையேதான் கேட்டன.

அவர் நடந்தார். வெயில் சுவரிலிருந்து விட்டத்துக்குப் போனது. பின்னறையில் கிணிங் கிணிங். பாதம் வலித்தது, முதுகு வலித்தது, கண் தானாக மூடிக்கொண்டது, மூடியபடியே நடந்தார். நாளை காலை எட்டு மணிக்குத்தான் நர்ஸம்மா வருவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கை ஒரு விரல்கடை இறங்கியது. முதலில் குனிந்து நடந்தார். அப்புறம் மார்பைப் படுக்கையில் பதித்து நடந்தார். அப்புறம் படுக்கைமேல் ஏறி, முழங்காலிட்டு, பள்ளத்தின் விளிம்பில் வட்டமாகத் தவழ்ந்தார். அவருடைய கை தோள்வரை உள்ளே போயிருந்தது. சில்லென்ற மண் கழுத்தில் பட்டது. கீழே அண்ணனின் விரல்களைத் தவிர இன்னும் நிறைய விரல்கள் அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தன, அவரும் சுற்றிக்கொண்டிருந்தார்.